டிராப்ஸ் அக்கா

மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கு ஆட்களின் பெயர் அவ்வளவாகத் தெரியாது. அவர்கள் வாங்கும் மருந்துதான் பெயர். சுகர் ஐயா, இன்ஹேலர் வாத்தியார், தைராய்டு டீச்சர் என்று நாங்களாக வைத்துக்கொள்வோம். அப்படி வைத்ததுதான் டிராப்ஸ் அக்கா. காரமடையில் நான் மூன்று வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்த கடைக்குக் காலை ஏழரை மணிக்குக் கம்பெனி வேனிலிருந்து குதித்து ஓடி வருவார். குதித்து என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. வேன் முழுதாக நிற்கும்வரை அவரால் பொறுக்க முடியாது.

"ஏனுங் கண்ணு, என்ற டிராப்ஸு. வெசையாக் குடு, வண்டிக்காரன் கத்தறான்."

வண்டிக்காரர் அப்போது கத்தியிருக்கவே மாட்டார். இன்னும் இரண்டு நிமிடம் கழித்துக் கத்தப்போவதை அக்கா இப்போதே கேட்டுவிடுவார். ஒரு கால் கடைப்படியில் இருக்கும், இன்னொரு கால் தெருவைப் பார்த்து நிற்கும். நான் டப்பாவை எடுத்து வைப்பதற்குள் "எடுத்துட்டியா, எடுத்துட்டியா?" என்று இரண்டு முறை கேட்டிருப்பார். கையில் வாங்கியதும் மூடியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வளையத்தைப் பல்லால் கடித்துத் துப்புவார். பாட்டிலின் நுனியில் ஓட்டை போட மூடிக்குள்ளேயே ஒரு முள் இருக்கிறது, மூடியை இறுக்கித் திருகினால் அதுவே குத்திக்கொள்ளும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். திருகுவதற்கு அவருக்கு நேரம் ஏது? சேலையில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றி ஒரே குத்து. ஓட்டை பெரிதாகிவிடும். ஒரு சொட்டு விழ வேண்டிய இடத்தில் நாலு சொட்டு ஊற்றும். அண்ணாந்து, கண்ணாடி பார்க்காமல், இமையை ஒரு விரலால் இழுத்து, வலது, இடது, முடிந்தது. கன்னத்தில் வழிவதை முந்தானையால் துடைத்துக்கொண்டே ஓடுவார். ஒரு மாதம் வர வேண்டிய பாட்டில் பத்தே நாளில் தீர்ந்துவிடும்.

"மருந்தே இருக்கறதில்லீங் கண்ணு. கம்பெனிக்காரன் கொறைச்சு ஊத்தறான்" என்று புகார் வேறு.

கண்ணில் அலர்ஜி அவருக்கு. டவல் தயாரிக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. தறியிலிருந்து வரும் டவலை மேஜையில் விரித்து, தலைக்கு மேலே எரியும் டியூப் லைட் வெளிச்சத்தில் நூல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஓரத் தையல் கோணியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். ஒவ்வொரு டவலை உதறும்போதும் பஞ்சு பறக்கும். பஞ்சு கண்ணுக்குள் போகும். கண் அரிக்கும். அரித்தால் புறங்கையால் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்து இமைகள் தடித்துக் கறுத்துப்போயிருந்தன. அந்த அரிக்கிற கண்களை வைத்துக்கொண்டுதான் அந்தக் கம்பெனியிலேயே வேகமான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தார்.

"மத்தவளுகெல்லாம் டவலை உத்துப் பாப்பாளுக. எனக்கு அப்படியில்லீங் கண்ணு. உதறும்போதே ஓரத்துல இருக்கற கறை கூப்புட்டுச் சொல்லிப்போடும்" என்பார்.

வீட்டுக்காரர் முதுகுத்தண்டில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். இந்தக் கண்கள் பார்த்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அந்தக் கண்களுக்கு நேர்ந்ததில் எனக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்ததிலிருந்து இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சரி, முதலிலேயே சொல்லியாயிற்று. இனி நழுவ முடியாது.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த மருந்து சாதாரண ஆன்டிஹிஸ்டமின் சொட்டு மருந்து. அலர்ஜியை வேரோடு எடுக்க முடியாது, அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். காலையில் ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. அரித்தாலும் போட வேண்டும், அரிக்காவிட்டாலும் போட வேண்டும். போட்டபின் கண்ணை மூடி ஒரு நிமிடம் மூக்கோரத்தை அழுத்திக்கொள்ள வேண்டும். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். பாட்டில் பத்து நாளில் தீர்ந்துபோவதால் நாலாவது மட்டும் தானாக நடந்துவிடும், மற்றதில் ஒன்றைக்கூட அக்கா ஒழுங்காகச் செய்ததில்லை. காலையில் வேனிலிருந்து இறங்கி ஊற்றுவார். பிறகு கண் பற்றி எரியும்போது மறுபடி ஊற்றுவார். ஞாயிற்றுக்கிழமை பஞ்சு இல்லை, அரிப்பும் இல்லை, அன்றைக்கு மருந்தும் இல்லை.

"அரிக்காத கண்ணுக்கு எதுக்குங் கண்ணு மருந்து? பசிக்காதப்ப சோறு திங்கற மாதிரி."

"அப்படியில்லைங்க்கா. அரிக்கறதுக்கு முன்னாடியே போட்டாத்தான் அது தடுக்கும். வந்தபொறவு போட்டா பாதிதான் கேக்கும்."

"பாதிதான் கேக்குதுன்னு நானும் அதைத்தான சொல்றேன். நல்லதா வேற ஒண்ணு குடு."

இப்படித்தான் முடியும் எங்கள் பேச்சு. நான் சொன்னதில் தனக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு மீதியைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடிவிடுவார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் வர வேண்டிய நாளில் வராவிட்டால் அந்தக் காலை நேரம் சப்பென்று இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு நிஜமான பயம் இருந்தது. வேனில் பக்கத்தில் உட்காரும் ஒரு பெண், சொட்டு மருந்தை வருடக்கணக்கில் போட்டால் கண் போய்விடும் என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அக்கா கடைக்குள் வந்து, அதிசயமாக இரண்டு காலையும் படியில் வைத்து நின்று கேட்டார்.

"நெசமா சொல்லு அம்மணி. இதைப் போட்டுட்டே இருந்தா கண்ணு அவிஞ்சு போயிருமா?"

"இது போகாதுங்க்கா. டாக்டர்கிட்டக் காட்டிக் காட்டி எத்தனை வருசம் வேணும்னாலும் போடலாம். கொஞ்சம் எரிச்சல் இருக்கும், கண்ணு காஞ்ச மாதிரி இருக்கும். அப்படி இருந்தா அவங்களே மாத்திக் குடுப்பாங்க. இதுனால பார்வை போகாது."

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

அந்தச் சத்தியம் பொய்யில்லை. அந்த மருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவசரக்காரர் என்றால் தன் காரியத்துக்கு மட்டும் அவசரம் என்று நினைக்க வேண்டாம். அடுத்தவர் கண் அரித்தாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. வேனில் யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், "இப்படித் திரும்பு புள்ள" என்று தாடையைப் பிடித்து நிமிர்த்தி ஊற்றிவிடுவார். ஒரு ஐப்பசியில் அப்படித்தான் ஒருத்திக்கு ஊற்றினார். அவளுக்கு வந்திருந்தது அலர்ஜி இல்லை, மெட்ராஸ் ஐ. பாட்டில் நுனி அவள் இமையில் பட்டிருக்கிறது. அதே பாட்டில் அடுத்தவளுக்கு, அதற்கடுத்தவளுக்கு. நாலாம் நாள் வேனிலிருந்து பதினோரு பேர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். முன்னால் வந்தது நம் அக்காதான். அவருடைய கண்ணாடி அவர் மகளுடையது போலும், ஓரத்தில் பூப் போட்டிருந்தது.

"என்னுங்க்கா இது?"

"எல்லாத்துக்கும் நாந்தான் ஊத்தி உட்டேன். அப்படியிருந்தும் வந்துருச்சு பாரு" என்றார். அவர் ஊற்றியதால்தான் வந்தது என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சிரித்தோமே தவிர, அதற்குப் பிறகு கம்பெனியில் ஒரு சட்டம் வந்துவிட்டது. கண் சிவந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைய சம்பளம் இல்லை. சூப்பர்வைசர் கம்பெனி வாசலில் நின்று ஒவ்வொருவர் கண்ணாகப் பார்ப்பாராம். அலர்ஜிச் சிவப்பு, மெட்ராஸ் ஐ சிவப்பு என்ற வித்தியாசமெல்லாம் அவருக்கு எதற்கு? அன்றிலிருந்து அக்கா அரிப்பைவிடச் சிவப்புக்கு அதிகமாகப் பயப்பட ஆரம்பித்தார். முன்பெல்லாம் "அரிப்பு நிக்கோணும்" என்று கேட்பவர், "வெள்ளையாகோணும்" என்று கேட்கத் தொடங்கினார்.

எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் எழுதிய சீட்டு ஒருமுறைதான் கடைக்கு வரும். அதற்குப் பிறகு சீட்டு எங்கோ போய்விடும். மருந்து டப்பாவின் மேல் மடிப்பைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை அந்த அட்டைத் துண்டைக் காட்டி, "இதே குடுங்க" என்பார்கள். நாங்களும் கொடுப்போம். யார் எழுதினார்கள், எத்தனை நாளைக்கு எழுதினார்கள் என்று அட்டையில் இருக்காது. பெயர் மட்டும் இருக்கும். அக்காவின் பர்ஸில் அப்படி நாலைந்து அட்டைகள். வீட்டுக்காரர் வலி மாத்திரை, மாமியார் கேஸ் மாத்திரை, தன் டிராப்ஸ் என்று எல்லாம் ஒன்றாக ரப்பர் பேண்டு போட்டிருக்கும். காட்டும் வேகத்தில் ஒன்றிரண்டு கீழே விழும், பொறுக்கிக் கொடுப்பேன்.

அது மாசித் தேருக்கு முந்தின நாள். காரமடையில் தேர் என்றால் ஊரே புழுதிதான். பக்கத்து ஊர்க்கூட்டமெல்லாம் வந்து இறங்கியிருந்தது, தண்ணீர் லாரி தெளித்துத் தெளித்துப் பார்த்தும் புழுதி அடங்கவில்லை. அக்கா வேனிலிருந்து இறங்கியபோது இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம். இமை வீங்கி, பாதிக் கண்தான் திறந்திருந்தது. அவருடைய டிராப்ஸ் கடையில் தீர்ந்துபோயிருந்தது. தேர்க் கூட்டத்தால் இரண்டு நாளாகச் சரக்கு வண்டி ஊருக்குள் வரவில்லை.

"இல்லைங்க்கா. நாளைக்கழிச்சு வந்துரும்."

"கண்ணு, இன்னைக்கு மத்தியானம் வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க டவல் பாக்க. லைன்ல நானு இல்லீன்னா சூப்பர்வைசர் என்னைய நிப்பாட்டிப்போட்டு வேற ஆளை அந்த டேபிளுக்குப் போட்டுருவான். பொறவு கூட்டறதுக்கும் அள்றதுக்கும்தான் போகோணும். எதாச்சும் குடு. வெள்ளையாகறதுக்கு எதாச்சும்."

கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சுட்டது. வெளியே நிஜமாகவே ஹாரன் கேட்டது.

கீழ் ஷெல்ஃபில் இன்னொரு சொட்டு மருந்து இருந்தது. ஸ்டீராய்டு கலந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது. போட்டால் அரை நாளில் சிவப்பு இறங்கும், அரிப்பு நிற்கும், வீக்கம் வடியும். நாலைந்து நாளைக்கு டாக்டர் பார்வையில் போடலாம். மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது, ஒன்றுமே தெரியாது. பார்வை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் போகும். போனது திரும்பி வராது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

"ஒரே பாட்டில்தானுங்க்கா. அஞ்சு நாள். அதுக்கு மேல போடவே கூடாது. பொறவு பழசுக்கே வந்துரோணும். கேக்குதுங்களா?"

"கேக்குது, கேக்குது" என்று சொல்லிக்கொண்டே ஊக்கைக் குத்தி ஊற்றிக்கொண்டு ஓடினார். ஓடும்போதே டப்பாவின் மடிப்பைக் கிழித்துப் பர்ஸில் செருகியதைப் பார்த்தேன். அப்போதே அதைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

தேர் முடிந்து வந்தவருடைய கண்களைப் பார்த்து நானே அசந்துபோனேன். அதுவரை அவருடைய கண்ணின் வெள்ளை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. அத்தனை வெள்ளை. கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார்.

"உன்ற கைராசியே ராசி அம்மணி. அத்தாப் பெரிய ஆஸ்பத்திரியில குடுத்தது என்னத்துக்கு ஆச்சு? நீ குடுத்தது ஒரே நாள்ல கேட்டுப்போச்சு. வாசல்ல கெஞ்சி உள்ள போனேன், வெளிநாட்டுக்காரங்க வர்றதுக்குள்ள வெள்ளையாயிருச்சு. கம்பெனியில அத்தனை பேருகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைக்கப்போவதில்லை. டாக்டரைவிட நான் என்று ஒரு கணம் நினைத்தேன். கொழுக்கட்டையை முதலாளிக்கும் கொடுத்து, "நான் குடுத்த டிராப்ஸுக்கு வந்ததுங்க" என்று சொல்லித் தின்றேன். பழைய டிராப்ஸ் வந்துவிட்டது, அதைக் கொண்டுபோங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அட்டையை நீட்டினார். இன்னொரு பாட்டில் கொடுத்தேன். ஆமாம், இரண்டாவதும் நான்தான் கொடுத்தேன். கைராசி என்று சொன்ன வாயிடம் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

மூன்றாவதுக்கு வந்தபோது பயம் வந்துவிட்டது. தர முடியாது என்றேன்.

"ஏன்?"

"ரொம்ப நாள் போடக் கூடாதுங்க்கா. பிரஷர் ஏறும்."

"எனக்கெங்க பிரஷர்? போன மாசந்தான் கையில கட்டிப் பாத்தாங்க. நல்லாத்தான இருக்குது."

"அந்தப் பிரஷர் இல்லைங்க்கா, கண்ணுக்குள்ள…"

ஹாரன் அடித்தது. கண்ணுக்குள்ளே இருக்கும் அழுத்தத்தை வேன் நிற்கும் நேரத்தில் எப்படிப் புரியவைப்பது? "போச்சாது உடு கண்ணு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் வேன் எங்கள் கடை முன்னால் நின்றது, அக்கா இறங்கினார், சாலையைக் கடந்து எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போனார். அட்டையைக் காட்டினார். அண்ணாந்தார். வலது, இடது. திரும்பும்போது என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டு ஏறினார்.

அன்றைக்கே நான் சாலையைக் கடந்திருக்கலாம். பத்து அடி. போகவில்லை. ஏன் என்று இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை இருந்தது என்பேன், கூட்டம் இருந்தது என்பேன். எல்லாம் பொய். எனக்குக் கோபம். என் பேச்சைத் தட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார் என்ற கோபம். போகட்டும், பட்டால் தெரியும் என்றுகூட ஒருநாள் மனதுக்குள் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன் என்று வேறு யாருக்கும் தெரியாது.

அப்படியே ஒன்றரை வருடம். வாரத்துக்கு ஒருமுறை அவர் அண்ணாந்து நிற்பதை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பேன். சில நாள் என் கடைக்கும் வந்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிக்கொண்டு, "பாரு, எப்படி இருக்குது கண்ணு?" என்று இமையை விரித்துக் காட்டுவார். வெள்ளையாகத்தான் இருக்கும். "நல்லாயிருக்குதுங்க்கா" என்பேன்.

அந்தக் கடையை விட்டு நான் வந்து ஆறு வருடமாகிறது. இப்போது கோயம்புத்தூர் உக்கடத்தில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறேன். யாராவது அட்டைத் துண்டை நீட்டினால் சீட்டு எங்கே, யார் எழுதியது, எப்போது எழுதியது என்று நச்சரிப்பேன். கிறுக்குப் புள்ள என்று திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். நான் விடமாட்டேன், தெருவில் இறங்கிப் பின்னாலேயே போவேன். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. அக்கா செக்கிங்கில் இப்போது இல்லை என்றும், அதே கம்பெனியில் மடித்துக் கட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றும், இருக்கிற பார்வையைக் காப்பாற்ற வேறு சொட்டு மருந்து வேளை தவறாமல் போடுகிறார் என்றும் கேள்விப்பட்டேன். அவரைப் போய்ப் பார்க்க மூன்று முறை பஸ் ஏறி, மேட்டுப்பாளையம் ரோட்டில் பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

காரமடையில், அந்த ஒன்றரை வருடத்தின் முடிவில், ஒரு நாள் காலை அக்கா வேனிலிருந்து குதிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு காலால் படியைத் தடவித் தடவி இறங்கினார். எங்கள் கடைக்குள் வந்து, மாத்திரை வாங்க எட்டியபோது பக்கத்தில் இருந்த இருமல் மிட்டாய் ஜாடியை முழங்கையால் தட்டிவிட்டார். ஜாடி உடைந்து மிட்டாய் சிதறியது. அது அங்கே இருந்ததே தெரியாத முகம் அவருக்கு.

"இங்க எப்பங் கண்ணு வெச்சீங்க இதை?"

அந்த ஜாடி நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கேதான் இருந்தது.

"அக்கா, வேன்ல ஏறாதீங்க. இப்பவே கோயம்புத்தூர் போலாம்."

"ஆருக்கு என்னாச்சு?"

"உங்க கண்ணைக் காட்டோணும்."

"கண்ணு வெள்ளையாத்தான இருக்குது. நேத்தைக்கு ஒரு கறையை உட்டுப்போட்டேன்னு சூப்பர்வைசர் வெஞ்சான், அது தூக்கக் கலக்கம். லீவெல்லாம் போட முடியாது கண்ணு."

ஹாரன் அடித்தது. நான் கல்லாவைத் தாண்டி வெளியே ஓடிப் போய், "அக்கா இன்னைக்கு வரலீங்கண்ணா, நீங்க கெளம்புங்க" என்று வண்டிக்காரரிடம் கத்தினேன். வேன் போய்விட்டது. போகிற வேனையே அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். என்னை அடிக்கக் கை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கூடவே வந்து பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அக்கா எட்டு முறை எழுந்து போய் நர்ஸிடம் "நம்மளுது எப்பங்க?" என்று கேட்டார். ஒரு நர்ஸ் சீட்டைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள், அக்கா எழுந்தார். அன்றுதான் அவர் பெயர் எனக்குத் தெரிந்தது. அழகான பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் பார்த்த நர்ஸ் கருவியை இன்னொரு முறை கண்ணில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஓரப்பார்வை பரிசோதனை. இருட்டறையில் கிண்ணம்போல் குழிந்த வெள்ளை மெஷின். ஒரு கண்ணைக் கட்டி, தாடையை வைத்து, நடுவில் இருக்கும் விளக்கையே பார்க்கச் சொல்வார்கள். சுற்றிலும் எங்காவது புள்ளியாக வெளிச்சம் வந்து போகும். தெரிந்ததும் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். துணைக்கு நானும் உள்ளே உட்காரலாம் என்றாள் நர்ஸ்.

எனக்கு நர்ஸின் கம்ப்யூட்டர் தெரிந்தது. மெஷினுக்குள் எங்கே விளக்கு வருகிறது என்று அதில் காட்டியது. மேலே வந்தது. அக்காவின் விரல் அசையவில்லை. இடது ஓரத்தில் வந்தது. அசையவில்லை. வலது ஓரம். கீழே. மறுபடி மேலே. பட்டன் மேல் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, எந்த நொடியும் அழுத்திவிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். விளக்குகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. நடுவுக்குப் பக்கத்தில் வந்தபோது மட்டும் டக்கென்று அழுத்தினார். அந்த வேகம் அப்படியே இருந்தது.

"ஏனுங்க, மெசினு ரிப்பேருங்களா? லைட்டே வரமாட்டீங்குது" என்றார்.

நர்ஸ் கட்டை அவிழ்த்து அடுத்த கண்ணுக்கு மாற்றினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. படத்தைப் பார்த்தார். அக்கா பர்ஸைத் திறந்து எடுத்து வைத்த பாட்டிலைப் பார்த்தார்.

"இது எத்தனை நாளா போடறீங்க?"

"ஒன்றரை வருசமுங்க. இது வந்தபொறவு அரிப்பே இல்லீங்க. நீங்க குடுத்ததைக் காட்டியும் நல்லாக் கேக்குதுங்க."

"நாங்க குடுத்ததைப் போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. அதை நீங்க எத்தனை வருசம் போட்டிருந்தாலும் பரவால்லை. இதை யார் எழுதினது?"

"ஆரும் எழுதலீங்க. கடையில வாங்கறதுதானுங்க."

"எந்தக் கடை?"

அக்கா சிரித்தார். "அங்கங்க வாங்கறதுதானுங்க. அதுக்கென்னங்க இப்ப?"

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, இல்லை அது ஒரு விஷயமாகவே அவருக்குப் படவில்லையா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் நடந்ததை நிதானமாகச் சொன்னார். ஓரத்துப் பார்வை பெரும்பகுதி போய்விட்டது என்றும், போனது வராது என்றும், நடுவில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றும் சொன்னார். இனி செக்கிங் வேலை பார்க்க முடியாது என்றும் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். யாருக்கோ சொல்வதை வழியில் நின்று கேட்பவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தானுங்க டாக்டர் மொதல்ல குடுத்தேன்" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"மெடிக்கல்ல இருக்கறேனுங்க. டி.பார்ம்."

டாக்டர் குனிந்து சீட்டில் எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இந்தப் புள்ளை நல்லதுக்குத்தானுங்க குடுத்துச்சு" என்று அக்கா அவசரமாக டாக்டரிடம் சொன்னார். "அன்னைக்கு நாந்தானுங்க கையைப் புடிச்சுக் கேட்டேன். அதுக்கு என்ன தெரியும், சின்னப் புள்ளை."

"எனக்குத் தெரியும்க்கா" என்றேன். "ரொம்ப நாள் போட்டா இப்படித்தான் ஆகும்னு தெரியும். நீங்க எதிர்க்கடையில வாரவாரம் வாங்கினதும் தெரியும். இந்தப் பக்கட்டு நின்னுட்டுப் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

நான் அவருடைய இடது பக்கத்தில், முழங்கை உரசும் தூரத்தில், மேஜைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வேறு யாராக இருந்தாலும் கண்ணோரத்திலேயே தெரிந்திருப்பேன். அக்கா முகத்தைத் திருப்பினார். போதவில்லை. நாற்காலியிலேயே உடம்பைத் திருப்பினார். முகம் என்னைத் தாண்டிப் போய்ச் சுவரில் நின்றது, அங்கிருந்து மெல்லத் திரும்பி வந்தது. கையை நீட்டி என் தோளைத் தொட்டு, அதற்கப்புறம்தான் என் கண்களைக் கண்டுபிடித்தார்.

"பாத்துட்டேவா கண்ணு இருந்தே?" என்று கேட்டார்.